ஓட்டக்காரி பதில்கள்: மோன் பிளாங்க்கைச் சுற்றி ஒரு வட்டம்

அக்கா, மகன் ஜெனீவாவில் வேலை பார்க்கிறான். வரும் ஜூலையில் அவனிடம் போகிறேன். மோன் பிளாங்க் மலையைச் சுற்றி வரும் பாதையை ஐந்தாறு நாளில் ஓடி முடிக்க ஆசை. வாரம் இரண்டு முறை அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஓடி ஏறுகிறேன், இறங்க பஸ். வயது 45. முடியுமா?
– வாசகர், சேலம்

முடியும். ஆனால் உங்கள் கேள்வியில் 'இறங்க பஸ்' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த வட்டம் சுமார் 170 கிலோமீட்டர். பிரான்ஸில் தொடங்கி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகத் திரும்பவும் பிரான்ஸுக்கு வரும். மொத்த ஏற்றம் 10,000 மீட்டர். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வதால் அதே 10,000 மீட்டரை இறங்கவும் வேண்டும். நடப்பவர்கள் பத்துப் பதினொரு நாள் எடுத்துக்கொள்வார்கள். உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். வழக்கமான பாதையின் உச்சி, கிராண்ட் ஃபெரே கணவாய், 2,537 மீட்டர். நம் தொட்டபெட்டா அதைவிட 100 மீட்டர் கூடுதல்.

ஏற்றத்தில் பெரும்பாலும் யாரும் ஓடுவதில்லை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார்கள், போட்டிகளில் முதல் வரிசையில் ஓடுகிறவர்களும் பல இடங்களில் அப்படித்தான். நான் முதல் நாள் வீம்புக்கு ஓடினேன். பொன்னொம் கணவாய்க்குப் பாதி வழியில், ஒரு பிரெஞ்சுப் பாட்டி கோலை ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். "பொன்ழூர்" என்று வணக்கம் வேறு.

இறக்கம் வேறு கதை. இறங்கும்போது தொடைத் தசை இறுகிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. பழகாத தசை அதில் நுண்ணிய அளவில் கிழியும், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். எனக்கு இரண்டாம் நாள் மாலை, ஷெக்ரூயி கணவாயிலிருந்து இத்தாலியின் கூர்மயேர் ஊருக்கு 700 மீட்டருக்கு மேல் இறங்கும்போது தொடை இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. புழுதிப் பாதை, வளைவுக்கு வளைவு. கடைசியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகவே ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போங்கள், இறங்கி ஓடுங்கள். முதல் தடவை மெதுவாக, பாதித் தூரம் போதும். வலி ஆறியதும் மறுபடி. ஒருமுறை வலித்துத் தேறிய தசை அடுத்த முறை அவ்வளவு வலிக்காது. ஜூலைக்குள் பதினைந்து முறையாவது இறங்கியிருங்கள்.

மேய்ச்சல் நிலங்கள் வழியாகப் போகும் பாதை என்கிறார்களே, மாடு முட்டாதா?
– வாசகி, தஞ்சாவூர்

தஞ்சாவூர்க்காரி மாட்டுக்குப் பயப்படலாமா! இருந்தாலும் கேட்டது நல்லது. ஜூனில் மேலே ஏற்றிய மாடுகள் செப்டம்பரில்தான் கீழே இறங்கும். கழுத்து மணிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் முன்பே கேட்டுவிடும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் புகாதீர்கள். சுவிஸ் பக்கம் எரான்ஸ் என்று கறுத்த, கட்டையான ஒரு இனம் உண்டு. யார் ராணி என்று தங்களுக்குள் முட்டிக்கொள்ளும், நம்மைச் சட்டை செய்யாது.

மாட்டைவிட வேலியைக் கவனியுங்கள். மெல்லிய நாடாவில் மின்சாரம் ஓடும். வியர்த்த கையால் தொட்ட அனுபவத்தில் சொல்கிறேன். கொக்கியை எடுத்து நுழைந்தால் திரும்ப மாட்டிவிட்டுப் போங்கள், அது அவர்கள் பிழைப்பு.

ஆட்டு மந்தை இருந்தால் பெரிய வெள்ளை நாய்களும் இருக்கும், 'பத்தூ' என்பார்கள். ஓநாயிடமிருந்து மந்தையைக் காப்பது அதன் வேலை, ஓடுகிற எதுவும் அதற்குச் சந்தேகம்தான். அங்கே ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காமல், கோலை ஓங்காமல், மந்தையை விட்டு விலகிச் சுற்றி நடங்கள். அதற்குப் பத்து நிமிடம் போனால் போகட்டும்.

சைவம். பாலாடைக்கட்டியை வைத்துச் சமாளிக்கலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

சமாளிக்கலாம். மலை விடுதிகளில் இடம் பதியும்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு சங்கடம்: அந்தப் பக்கத்து போஃபோர் கட்டி, கிலோவுக்குச் சுமார் 10 லிட்டர் பால் பிடிக்கும் அருமையான சரக்கு, ஆனால் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். தெரிந்தபின் சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் பாடு. புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா கொண்டுபோங்கள்.

இந்தப் பாதையில் போட்டியும் நடக்குமாமே?
– வாசகர், கோவை

நடக்கும். யூ.டி.எம்.பி. (அல்ட்ரா டிரெயில் டு மோன் பிளாங்க்) என்று பெயர், 2003இல் தொடங்கியது. பிரான்ஸின் ஷாமொனி ஊரில் மாலையில் கிளம்பி 46½ மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். முதல் வருடம் மழையிலும் குளிரிலும் சுமார் 700 பேரில் 67 பேர்தான் முடித்தார்கள். வென்றவர் நேபாளத்தின் தாவா ஷெர்ப்பா. முந்தைய போட்டிகளில் தகுதி பெற்று, குலுக்கலிலும் பெயர் விழுந்தால்தான் பெரும்பாலோருக்கு இடம்.

நடுவில் முடியாமல் போனால்?
– அதே சேலம் வாசகர்

கூர்மயேரில் பஸ் ஏறலாம். 11.6 கிலோமீட்டர் சுரங்கச் சாலை மோன் பிளாங்க் மலைத்தொடரின் அடியிலேயே போய் ஷாமொனிப் பக்கம் வெளியே வரும். மூன்றாம் நாள் காலை நான் அதில்தான் திரும்பினேன். மீதிப் பாதையை அடுத்த ஆகஸ்டில் கூர்மயேரிலிருந்து ஆரம்பித்து முடித்தேன். ஜன்னல் ஓர இருக்கைக்கு அடித்துப் பிடிக்காதீர்கள், உள்ளே சுவர் மட்டும்தான்.