அத்து தெரியாமல் சுவர் எழுப்பாதீர்கள்: காம்பவுண்டு, வேலி கேள்வி பதில்

முப்பது வருடம் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காம்பவுண்டு, வேலி, பக்கத்து வீட்டு மரம் என்று நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லை (அத்து) என்பது உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ள விவகாரம். செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம், உங்களுக்கும் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ உள்ள விவகாரம். பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

ஐயா, பத்திரத்தில் கிழமேல் 40 அடி. டேப் பிடித்தால் 38½தான் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார். பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். அந்த ஒன்றரை அடி கிழக்கே போனதா, மேற்கே போனதா என்று உங்களுக்கே தெரியாது. மனை பிரித்தவர் பத்து மனைக்கும் 40, 40 என்று எழுதி விற்றிருப்பார். தரையில் மொத்தமே 392 அடிதான் இருக்கும். இதை நான் எத்தனையோ ஊரில் பார்த்துவிட்டேன். கடைசி மனைக்காரர்தான் பாவம்.

பட்டாவையும் புல வரைபடத்தையும் (எஃப்.எம்.பி.) எடுத்துக்கொண்டு, இ-சேவை மையத்தில் பணம் கட்டி அளவைக்கு மனுப் போடுங்கள். உங்கள் மனை தனி எண்ணாகப் பிரிந்து உட்பிரிவு ஆகாமல், பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டாவில் இருந்தால், முதலில் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் அரசு அளவையில் நட்ட புலக்கல்லிலிருந்துதான் அளந்து வருவார், உங்கள் கேட் தூணிலிருந்து அல்ல. அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரும் கூட நிற்கட்டும். அவர் இல்லாமல் நட்ட கல்லுக்கு மறுநாளே தகராறு வரும். நட்ட கல்லை யாராவது பிடுங்கினால் அது குற்றம், ஒரு வருடம் வரை சிறை உண்டு.

ஆனால் சர்வேயர் கோடு காட்டலாம், சொத்து யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் காட்டிய கோட்டை எதிராளி ஏற்காவிட்டால் சிவில் கோர்ட்தான். அங்கே கோர்ட் சார்பில் ஒரு கமிஷனரை நியமித்து அளக்கச் சொல்லிக் கேட்கலாம். பத்திரத்தில் அடிக்கணக்கும் நான்கெல்லையும் (நான்கு பக்கமும் யார் இடம், எந்தத் தெரு என்ற குறிப்பு) ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் கோர்ட் பெரும்பாலும் நான்கெல்லையைத்தான் பிடிக்கும். அதனால் அடிக்கணக்கை மட்டும் காட்டிச் சத்தம் போடாதீர்கள்.

அந்த வேலி பதினைந்து வருடமாக அங்கேயே இருக்கிறது. 12 வருடம் ஆனால் அவருக்கே சொந்தம் என்கிறார்களே?

1963ஆம் வருட காலவரையறைச் சட்டத்தில் 12 வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் வருடம் ஓடினால் மட்டும் போதாது. ‘இது என் இடம்’ என்று உங்கள் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, இடைவிடாமல் வைத்திருந்ததாக அவர்தான் நிரூபிக்க வேண்டும். நீங்கள் போகட்டும் என்று அனுமதித்திருந்தால் அது சேராது. அதற்காக அசட்டையாகவும் இருக்காதீர்கள். இப்படி அனுபவித்தவர் தானே வழக்குப் போட்டும் உரிமை கேட்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு நிலம் என்றால் கணக்கு 30 வருடம்.

சார், காம்பவுண்டு எவ்வளவு உயரம் வைக்கலாம்? எங்களுடையது கார்னர் மனை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) சொல்வது: வீட்டு முன் தெருவின் நடுக்கோட்டு மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் உயரம். மேலே 0.9 மீட்டர் கிரில் மாதிரித் திறந்த அமைப்பாக இருந்தால் மொத்தம் 2.4 மீட்டர் வரை போகலாம். கார்னர் மனையில் முனையிலிருந்து இரண்டு பக்கமும் 10 மீட்டர் நீளத்துக்குக் கட்டுச்சுவர் 0.75 மீட்டர்தான்; அதற்கு மேல் வேண்டுமானால் கம்பி. திரும்புகிற வண்டிக்கு எதிரே வரும் பிள்ளை தெரிய வேண்டாமா? இது ஒரு முன்மாதிரி விதிதான். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

பாதிச் செலவு தர மறுக்கிறார். கட்டாயப்படுத்த முடியுமா?

முடியாது. அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. முழுச் செலவும் உங்களுடையது என்றால் முழுச் சுவரும் உங்கள் இடத்துக்குள் நிற்கட்டும். சுவர் முக்கால் அடி என்றால் அஸ்திவாரம் இரண்டு அடி வரும்; மேலே கோட்டுக்குள் நின்றுவிட்டுக் கீழே அவர் மண்ணுக்குள் போய்விடுகிறது. கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லி அஸ்திவாரத்தை உங்கள் பக்கமே தள்ளிப் போடச் சொல்லுங்கள். அவர் பாதி கொடுத்து நடுக்கோட்டில் கட்டினால் அது பொதுச்சுவர். இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளாவது வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் தனியாக இடிக்கவோ உயர்த்தவோ கூடாது.

பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டின் மேல் சாய்ந்திருக்கிறது.

உங்கள் பக்கம் நீட்டியிருக்கும் கிளையையோ மட்டையையோ, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, உங்கள் இடத்தில் நின்றே வெட்டலாம். மரத்தைத் தொடக் கூடாது. விழுந்த தேங்காயும் மரத்துக்காரருக்கே, கொடுத்துவிடுங்கள், நல்லது. விழுந்து ஆளைக் கொல்லும் நிலையில் இருந்தால் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152ஆம் பிரிவில் அப்புறப்படுத்த உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழைய சட்டத்தில் (சி.ஆர்.பி.சி.) இது 133 என்று இருந்தது.

அண்ணா, மேல் மனைக்காரர் மூன்றடி மண் அடித்து உயர்த்திவிட்டார். மழைத் தண்ணீர் முழுக்க எங்கள் முற்றத்தில்.

1882 வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, மேட்டு நிலத்தில் பெய்யும் நீர் இயற்கையாக வழிந்தால் பள்ளத்து நிலம் அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் நேற்றுக் கொட்டிய மண் இயற்கை அல்ல. அந்த மண்ணைத் தாங்கும் சுவரும் அவர் பொறுப்பு. உங்கள் காம்பவுண்டு அதற்காகக் கட்டியதல்ல, ஒரு பெருமழையில் சரிந்துவிடும். அவர் பக்கம் சுவரோரம் ஒரு வடிகால் எடுத்துத் தெருவுக்கு விடச் சொல்லுங்கள். மண் அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

பக்கத்தில் விட்ட செட்பேக் சும்மா கிடக்கிறது. ஷீட் போட்டு ஒரு ரூம் எடுக்கலாமா? பக்கத்து வீட்டில் ஆட்சேபம் இல்லை.

கூடாது. அவர் ஆட்சேபிக்காதது நகராட்சியைக் கட்டுப்படுத்தாது. எவ்வளவு இடம் விடுவது என்பதைத் தெரு அகலம், மனை அகலம், கட்டட உயரம் பார்த்து 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தீர்மானிக்கின்றன. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே கையெழுத்திடும் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. யாரும் முன்னால் வந்து பார்க்க மாட்டார்கள் என்பதால் பலருக்குத் துணிச்சல். கையெழுத்துப் போட்டது நீங்கள் என்பதை மறக்காதீர்கள்.

அவர் மாடி ஜன்னல் எங்கள் கிணற்றடியைப் பார்க்கிறது. மூட வைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது அம்மா. உங்கள் இடத்தில் நீங்கள் தட்டி கட்டி மறைக்கலாம். ஆனால் அந்த ஜன்னல் 20 வருடமாக வெளிச்சம் வாங்கிக்கொண்டிருந்தால் அதை முழுக்க அடைக்கக் கூடாது.

ஆடு மாடு தொல்லை. கம்பி வேலிக்கு வீட்டுக் கரண்ட் கொடுக்கலாமா?

கூடாது. ஆள் செத்தால் மரணம் விளைவித்ததாக உங்கள் மேல் குற்ற வழக்கு வரும். எங்கள் கொங்குப் பக்கம் மாதிரி கிளுவை மரக் குச்சி நட்டு உயிர்வேலி போடுங்கள். மழைக்கு முன் நட்டால் தானே துளிர்த்துக்கொள்ளும். கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி நடுங்கள், கிளுவையும் வளரும்.