கேக்குக்கு 200 ரூபாய் பெரிதா, கார்டு வட்டி பெரிதா?

கேள்வி: அண்ணாச்சி, வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கேன். சேர்ந்து நாலே கால் வருஷம், பேசிக் 15,000, கைக்கு 24,000 வருது. செக்‌ஷனில் பதினாலு பேர். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக், கிஃப்ட் என்று ஆளுக்கு 200 வசூல், கொடுக்கலைன்னா மூஞ்சியைத் திருப்புறாங்க. ஊரில் கோயில் கொடை (திருவிழா) வரி 3,000. ஞாயித்துக்கிழமையும் மேனேஜர் போன். பைக் இஎம்ஐ 5ஆம் தேதி, சம்பளம் வர 9 ஆகுது. கார்டில் 70,000 பாக்கி, மினிமம் கட்டிட்டு வர்றேன். வேலையை விட்டுட்டு, பிஎஃப்பில் இருக்கிற ஒன்றே கால் லட்சத்தை எடுத்துக் கடனை அடைச்சிட்டு நிம்மதியா வேற வேலை தேடலாமா? மச்சான் வேற லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். (சேரன்மகாதேவி வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்தப் பிறந்தநாள் வசூலுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள், போன தடவை கேக்கில் உங்களுக்கு வந்த துண்டு எத்தனை சிறிசு என்பது வரைக்கும். கார்டுக்கு ஒரே ஒரு வரி. கோபம் ஓரிடத்தில், ஓட்டை வேறிடத்தில்.

கணக்குப் பார்ப்போம். உங்களைத் தவிர பதிமூன்று பேர், தலைக்கு 200 என்றால் வருஷத்துக்கே 2,600 ரூபாய். கார்டில் மாசம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்தால் 70,000க்கு 2,450, அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 441, ஆக மொத்தம் மாசத்துக்கு 2,891. வருஷம் முழுக்க எல்லாருக்கும் கேக் வெட்டுகிற காசைவிட ஒரு மாச வட்டி அதிகம்! நீங்கள் மினிமம் என்று கட்டுகிற 3,500இல் அசலுக்குப் போவது வெறும் 609 ரூபாய், அதுவும் பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைந்துகொண்டே போவதால் இது வருஷக்கணக்கில் இழுக்கும், போதாக்குறைக்கு பாக்கி நிற்கிற வரை அந்தக் கார்டில் ஒரு சட்டை வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முதலில் அந்தக் கார்டை பர்ஸிலிருந்து எடுத்து பீரோவில் வையுங்கள். பெட்ரோல் பங்கிலும் நீட்டக் கூடாது.

இப்போது பிஎஃப். அங்கே கிடைப்பது 8.25 சதவீதம், கார்டுக்குப் போவது 42, அதனால் எடுத்து அடைப்பதுதானே லாபம் என்று நீங்கள் கேட்டால் வெறும் கணக்கில் அது சரிதான். ஆனால் முழுசாக எடுக்க வேலையை விட வேண்டும், விட்ட உடனே முழுத்தொகையும் கைக்கு வந்துவிடாது, அதுவரை சம்பளமும் இருக்காது. ஐந்து வருஷம் முடியாமல் 50,000க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் என்று வரி பிடிப்பார்கள். உங்கள் வருமானத்துக்கு வரி வராது, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம், ஆனாலும் அதற்கு ஒரு அலைச்சல்.

இதைவிட முக்கியம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தருகிற பணிக்கொடை, அதை நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஐந்து வருஷம் முடித்தால் பேசிக் 15,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை ஐந்து வருஷத்தால் பெருக்கினால் 43,269 ரூபாய். இன்னும் ஒன்பது மாசம். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு, ஆனால் அதைக் காட்டி கம்பெனியோடு மல்லுக்கட்டுவதைவிட முழுசாக முடித்துவிட்டு எழுந்து வருவது மேல். வேலை தேடுவதை இன்றைக்கே தொடங்குங்கள், யார் வேண்டாம் என்றது? சம்பளம் நன்றாகக் கூடுகிற இடம் கிடைத்தால் 43,000க்காகக் காத்திருக்கவும் வேண்டாம். போகிற இடத்துக்கு உங்கள் பிஎஃப்புக்கான அதே யூஏஎன் நம்பரைக் கொடுத்து பிஎஃப்பை மாற்றிக்கொள்ளுங்கள். சர்வீஸ் விட்டுப்போகாமல் சேரட்டும், பத்து வருஷம் இருந்தால்தான் பென்ஷன்.

கார்டுக்கு என்ன வழி? நகைதான். வீட்டில் ஒன்றிரண்டு பவுன் இருந்தால் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வைத்து 70,000 வாங்கி, கார்டுக் கடனை ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் முதல் மாசம் 583 ரூபாய்தான். இப்போது கட்டுகிற அதே 3,500ஐ விடாமல் கட்டினால் 22 மாசத்தில் கடன் தீர்ந்துவிடும், தீபாவளி போனஸையும் அதில் போட்டால் இன்னும் சீக்கிரம். வருஷம் முடியும்போது மறு அடகு வைக்க வேண்டியிருக்கும், தேதியைக் குறித்து வையுங்கள். ஒன்று, அந்த நகை வீட்டுப் பெண்களுடையது. கேட்டுவிட்டு எடுங்கள், கேட்ட கையோடு இந்த 2,891 கணக்கையும் காட்டுங்கள்.

இஎம்ஐ தேதியை 12க்கோ 15க்கோ மாற்றித் தரச் சொல்லி பைக் லோன் கொடுத்தவர்களிடம் எழுதிக் கொடுங்கள், பல இடத்தில் மாற்றித் தருவார்கள். கணக்கில் பணமில்லாமல் இஎம்ஐ திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அபராதம் கட்டுவது, அதுவும் கணக்குப் பிரிவில் இருக்கிற ஆள் கட்டுவது, எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் தனியாகப் போய்ச் சொன்னால் மேனேஜர் ஞாயிறோடு சனிக்கிழமை ராத்திரியும் போன் போடுவார், அதனால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

கொடை வரியில் கை வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருவது தெரிந்த செலவுதானே, மாசம் 250 தனியாக எடுத்து வைத்தால் மேளம் கொட்டும்போது வயிறு எரியாது. பிறந்தநாள் வசூலுக்கு, “இந்த வருஷம் ஐம்பதுதான் முடியும்” என்று சிரித்துக்கொண்டே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதே கஷ்டத்தில் இருக்கிற இன்னும் மூன்று பேர் உங்களுக்கு முன்னால் ஐம்பதை நீட்டுவார்கள்.

மச்சானுக்குக் கையெழுத்து வேண்டாம். அவர் கட்டத் தவறினால் வங்கி நேராக உங்களிடமே வந்து கேட்கலாம், முதலில் அவரைத் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, உங்கள் கடன் மதிப்பெண்ணான சிபிலும் சேர்ந்து அடிவாங்கும். சொல்லக் கூச்சமாக இருந்தால், “என் கார்டு பாக்கியால் என் ஜாமீன் செல்லாது மச்சான்” என்று சொல்லிவிடுங்கள். முழுப் பொய்யும் இல்லை.