தினமும் ஸ்கெட்ச் போட நேரம் எங்கே இருக்கிறது?

"வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிறேன். தினமும் வரையலாம் என்று ஆரம்பித்தால் 4 நாளில் விட்டுப்போகிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் அப்படித்தான் விட்டுப்போனது. பெரிய ஸ்கெட்ச் புக், 12 பென்சில் உள்ள பெட்டி எல்லாம் வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்ததுதான் மிச்சம். இப்போது சட்டைப் பையில் அடங்கும் கோடு போடாத நோட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா, அவ்வளவுதான். அழிக்க முடியாது என்பதால் 10 நிமிடத்தில் படம் முடிந்துவிடும்.

தனியாக நேரம் ஒதுக்காதீர்கள்; ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு ஒட்டவையுங்கள். காரைக்குடியில் காலை காபி குடிக்கிற திண்ணைதான் என் இடம். எதை வரைவது என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும், அதனால் மாதம் முழுக்க ஒரே பொருள். போன மாதம் வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடி கல். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ண சிமெண்ட்டைக் கையால் ஊற்றிச் செய்வது அது. உற்றுப் பார்த்தால் ஒரு பூ போல அடுத்த பூ இருக்காது, ஓரம் லேசாகக் கசிந்திருக்கும். மூன்றாம் நாள்தான் அது என் கண்ணில் பட்டது. இந்த மாதம் ஆச்சியின் கொட்டான், அதாவது ஓலையில் பின்னிய கூடை. பின்னலை எண்ணியே தலை சுற்றுகிறது, அது வேறு கதை.

சரி, முடியாத நாளில்? தாளைப் பார்க்காமல், பொருளின் விளிம்பை மட்டும் பார்த்து ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் போதும். கோணலாக வரும், வரட்டும். தேதியை மட்டும் போடுங்கள். ஒரு நாள் தப்பினால் மறுநாள் இரண்டு போட்டு ஈடுகட்ட வேண்டாம். அப்படிக் கடன் சேர்த்துத்தான் நான் பழைய நோட்டைத் திறக்கவே பயந்தேன்.