பாஸ் எங்கே கேட்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜாஸ் இசையில் பாஸ் வாசிக்கும் டேவ் ஹாலண்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவருடைய குழுவின் ‘பிரைம் டைரக்டிவ்’ ஆல்பத்தை இரண்டு முறை கேட்டேன். சாக்ஸபோன் கேட்கிறது, டிராம்போன் கேட்கிறது, டிரம்ஸ் காதைப் பிளக்கிறது. அட்டையில் பெயர் போட்டிருக்கும் மனிதர்தான் எங்கே என்று தெரியவில்லை. குழுத் தலைவர் முன்னால் நிற்க வேண்டாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டீர்களா? அவர் வாசிப்பது டபுள் பாஸ், ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் வாத்தியம். அதன் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. அந்த ஆழம் ஃபோனுக்கு எட்டாது. நானும் முதல் தடவை லேப்டாப்பில் கேட்டு, ‘இது சரிப்படாது’ என்று மூடி வைத்தவன்தான். முதலில் ஒரு நல்ல ஹெட்ஃபோனை மாட்டுங்கள்.

அப்புறம், இந்தக் குழுவில் பியானோ கிடையாது, கிட்டாரும் கிடையாது. ஸ்டீவ் நெல்சன் வைப்ரஃபோனில், அதாவது குச்சியால் தட்டி வாசிக்கும் உலோகப் பட்டைகளில், நாலு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மிச்ச இடமெல்லாம் காலி. அந்தக் காலி இடத்துக்கு என்ன நிறம் என்பதை அடியில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். மேலே சி, இ, ஜி என்று மூன்று ஸ்வரங்கள் ஒலிக்கின்றன என்று வையுங்கள். பாஸில் சி விழுந்தால் அது நிம்மதியான மேஜர். மேலே எதையும் மாற்றாமல் பாஸ் மட்டும் ஏ-வுக்கு இறங்கினால் முகம் வாடிவிடும், மைனர். சாக்ஸபோன்காரர் கிறிஸ் பாட்டர் என்னதான் பறந்தாலும், அவர் வாசித்ததற்குப் பொருள் கீழேதான் தீர்மானமாகிறது.

தாளக்கணக்கும் அப்படித்தான். ஹாலண்டின் பாடல்களில் ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் எண்ணிக்கை போவது சகஜம். பாஸ் ஒரு சின்னச் சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது அசையாமல் நிலைத்து நிற்பதால்தான் பாட்டரும் ராபின் யூபாங்க்ஸும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட முடிகிறது. யூபாங்க்ஸின் டிராம்போனுக்காகவே இந்த ஆல்பத்தை வாங்கலாம் என்பேன். டிரம்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதும் சரி, பில்லி கில்சன் சில இடங்களில் கொஞ்சம் அதிகம்தான்.

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில் பிறந்தவர் ஹாலண்ட். 1968-இல் லண்டனின் ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் அமெரிக்க டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தன் குழுவுக்கு அழைத்தார். ஹாலண்டுக்கு அப்போது வயது 21. டேவிஸின் புகழ்பெற்ற ‘பிட்சஸ் ப்ரூ’ ஆல்பத்தின் ஒலிப்பதிவிலும் இருந்தார். ‘பிரைம் டைரக்டிவ்’ வெளிவந்தபோது ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் எல்லாப் பாடலையும் தானே எழுதிக்கொள்ளவில்லை, குழுவில் மற்றவர்களின் இசையமைப்புக்கும் இடம் விட்டிருக்கிறார். முன்னால் நிற்க வேண்டாமா என்று கேட்டீர்களே, தனியாக வாசிக்கும் இடங்கள் அவருக்கும் உண்டு. ஆனால் அங்கே போய் அவரைத் தேடாதீர்கள்.

மூன்றாவது முறை கேட்கும்போது சாக்ஸபோன் தனியாகப் புறப்பட்டதும் அதை விட்டுவிடுங்கள். பாஸை மட்டும் வாய்க்குள் முனகிக்கொண்டே கூடப் போங்கள். இரண்டு நிமிடத்தில் எங்காவது தவறவிடுவீர்கள். எந்த இடத்தில் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்