வாசகர் கேள்வி பதில்: வியர்வைச் சட்டை கமாச்சோ

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி ஒரே ஆளைப் பற்றி. தப்பு என்னுடையதுதான். "கால்பந்தில் டிஃபெண்டராக ஆடியவர்கள் நல்ல கோச் ஆவார்களா?" என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார், நானும் "ஸ்பெயின் கமாச்சோவைப் பாருங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். விடுவீர்களா நீங்கள்?

யார் சார் இந்தக் கமாச்சோ? 2002 உலகக் கோப்பையில் அக்குள் நனைந்த சட்டையோடு ஒருவர் நிற்பாரே, அவரா? ஆடத் தெரிந்தவரா, ஓரமாக நின்று கத்த மட்டும்தானா? (தூத்துக்குடி வாசகர்)

அவரேதான், அப்போது ஸ்பெயினின் கோச். முழுப்பெயர் ஹோசே அந்தோனியோ கமாச்சோ. ஆடத் தெரியுமா என்று கேட்டுவிட்டீர்களே! 1955-ல் முர்சியா பக்கம் சியெசா என்ற ஊரில் பிறந்து, அல்பசேத்தே அணி வழியாக 18 வயதில் ரியல் மாட்ரிட்டுக்குப் போனவர், 1989-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். இடது பேக், அதாவது இடது ஓரத்தைக் காக்கும் டிஃபெண்டர். 9 லீக் பட்டம், ஐரோப்பிய கிளப்களின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூஈஎஃப்ஏ கோப்பை 2, ஸ்பெயினுக்கு 81 ஆட்டம். பாவம், கொரியாவின் ஜூன் மாத வெக்கையில் வியர்த்த ஒரு சட்டைதான் இன்று எல்லார் போனிலும் சுற்றுகிறது.

'மேன் மார்க்கிங்' என்கிறார்களே, அதில் இவர் கில்லாடியாமே? (நாகர்கோவில் வாசகி)

இப்போதைய டிஃபெண்டர் இடத்தைக் காப்பார், அப்போதைய டிஃபெண்டர் ஆளைக் காப்பார். "இவன் உன் பொறுப்பு" என்று ஒருவரைக் கைகாட்டிவிட்டால் போதும், அவர் நடுமைதானத்துக்கு இறங்கினால் நீங்களும் இறங்க வேண்டும், வலது ஓரத்துக்கு ஓடினால் நீங்களும் ஓட வேண்டும், வட்டிக் கடைக்காரர் மாதிரி 90 நிமிடமும் முதுகுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். பார்சிலோனாவில் நெதர்லாந்து நட்சத்திரம் யோஹான் கிரைஃப் ஆடிய காலம் அது. நின்ற இடத்தில் நிற்காத ஆள் கிரைஃப். அவரை ஒட்டிக்கொள்ளும் வேலைக்குப் பேர்போனவர் கமாச்சோ. நளினமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நடுவர்களும் அந்தக் காலத்தில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

முழங்கால் உடைந்து திரும்பி வந்தவர் இவர்தானா? (கரூர் வாசகர்)

ஆமாம். 1978 தொடக்கத்தில் பயிற்சியின்போது முழங்கால் போனது. அந்த வருட உலகக் கோப்பையும் அதோடு போச்சு. ஏறத்தாழ இரண்டு வருடம் வெளியே. இன்று கேமரா வைத்துச் சின்னத் துளை போட்டுச் சரிசெய்வதுபோல அன்று கிடையாது, தசைநார் போனால் ஆட்டம் போனது என்றுதான் பொருள். இவர் திரும்பி வந்து இன்னும் பத்து வருடம் ஆடினார், அணித் தலைவராகவும் ஆனார்.

அவர் வாழ்க்கையில் மறக்க நினைக்கும் ஆட்டம் எது? (புதுச்சேரி வாசகர்)

அவரைக் கேட்டால் கொரியா என்பார், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். என்னைக் கேட்டால் 1981 ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி, பாரிஸ், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரில் லிவர்பூல். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடத்தில் பந்தோடு தனியாக உள்ளே நுழைந்துவிட்டார் கமாச்சோ. கோல்கீப்பர் கிளெமென்ஸ் முன்னேறி வந்துவிட்டார், பின்னால் கோல் காலி. பந்தைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார், கோல்கீப்பரைத் தாண்டியது, குறுக்குக் கம்பத்தையும் தாண்டியது. கடைசி பத்து நிமிடத்தில் லிவர்பூலின் ஆலன் கென்னடி ஒரே கோலை அடித்து முடித்தார். கென்னடியும் இடது பேக்தான். விதி என்று எழுத எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் பாருங்களேன்.

மால்டாவை 12-1 என்று அடித்த ஸ்பெயின் அணியில் இருந்தாரா? (சேலம் வாசகர்)

இருந்தார். 1983 டிசம்பர், செவில்லே. நெதர்லாந்தை முந்தி, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ போட்டிக்குப் போக 11 கோல் வித்தியாசம் வேண்டும், இடைவேளையில் 3-1 தான். மீதி 9 கோலும் இரண்டாம் பாதியில். எப்படி என்று கேட்டு எனக்குச் சண்டை மூட்டிவிடாதீர்கள்.

சரி, கோச்சாக எப்படி? (போன இதழில் கேட்ட அதே வாசகர்)

மன்னிக்கவும், இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்கிறேன். சிக்கலில் கிடக்கும் சின்ன அணியைக் கொடுங்கள், தூக்கி நிறுத்துவார். ராயோ வயெகானோவை 1992-லும் எஸ்பான்யோலை 1994-லும் முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். 2008-ல் ஒசாசுனா தள்ளாடும்போது கூப்பிட்டார்கள், கடைசி நாளில் ரியல் மாட்ரிட்டையே 2-1 என்று தோற்கடித்துத் தப்பித்தது அந்த அணி. பென்ஃபிகாவுக்கு 2004-ல் போர்ச்சுகல் கோப்பை வாங்கிக்கொடுத்தார், தோற்றது கோச் மொரீன்யோவின் போர்ட்டோ. பத்தே நாளில் சாம்பியன்ஸ் லீக் வென்ற அதே போர்ட்டோதான்! இவர் தடுமாறியது பெரிய இடத்தில், பொறுமை வேண்டிய இடத்தில். அவர் ஆடிய விதமும் அதுதானே, எதிரில் நிற்பவனோடு நேருக்கு நேர் மோதுவது. அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரையும் அப்படியே மார்க் பண்ணினால் எப்படி?

ரியல் மாட்ரிட்டிலிருந்து இரண்டு முறை ஓடிவிட்டாராமே? (சென்னை வாசகர்)

ஓடவில்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். 1998 கோடையில் சுமார் மூன்று வாரம்தான், ஒரு போட்டி ஆட்டம்கூட நடக்கவில்லை, கிளப் தலைவரோடு மோதிக்கொண்டு வெளியேறினார். 2004-ல் ஜிடான், பிரேசில் ரொனால்டோ, பெக்காம், ஃபிகோ என்று நட்சத்திரக் கூட்டத்தையே கொடுத்தார்கள். ஜெர்மனியின் லெவர்குசனிடம் 3-0 தோல்வி, அடுத்து எஸ்பான்யோலிடம் 1-0, செப்டம்பர் முடிவதற்குள் ராஜினாமா. பேசியபடி சம்பளத்தை வாங்கிக்கொண்டு டிசம்பர்வரை உட்கார்ந்திருக்கலாம். இவருக்கு அது வராது.

2002-ல் கொரியாவிடம் ஸ்பெயின் தோற்றது நியாயமா? (மதுரை வாசகர்)

நியாயமில்லை. நம் நேரத்துக்கு மதியம் 12 மணி ஆட்டம், சனிக்கிழமை, சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே பார்த்தேன், தட்டு காய்ந்துபோனதுதான் மிச்சம். குவாங்ஜூ மைதானம், காலிறுதி. இரண்டாம் பாதியில் ஸ்பெயின் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது, தள்ளினார்கள் என்று நடுவர் ரத்து செய்தார். கூடுதல் நேரத்தில் ஹோவாகின் வலது ஓரத்தில் கோட்டுவரை ஓடிப் பந்தைத் தூக்கிப்போட, மோரியென்டெஸ் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். அன்று 'கோல்டன் கோல்' விதி, அதாவது அந்தக் கோலோடு ஆட்டமே முடிந்திருக்க வேண்டும். கோட்டு நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார், பந்து வெளியே போய்விட்டதாம். டிவியில் திரும்பப் போட்டுக் காட்டினார்கள், பந்து கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. அப்புறம் பெனால்டி. அதே ஹோவாகின் அடித்ததைக் கொரிய கோல்கீப்பர் தடுத்தார். 5-3. கொஞ்ச நாளில் கமாச்சோ பதவியை விட்டார்.

இன்னொன்றும் சொல்லணும், நடுவரை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. காயத்தால் முன்கள வீரர் ரவுல் இல்லை என்றாலும், 120 நிமிடத்தில் சந்தேகமே இல்லாத ஒரு கோல் அடிக்க அந்த அணிக்கு வழி தெரியவில்லை.

சீனா, காபோன் என்றெல்லாம் எதற்குப் போனார்? (யாழ்ப்பாண வாசகர்)

கூப்பிட்டார்கள், போனார். சீனாவில் 2011-ல் சேர்ந்தார், பிரேசிலிடம் 8-0, கடைசியில் சொந்த மண்ணில் தாய்லாந்தின் இளைஞர் அணியிடம் 5-1. அனுப்பிவிட்டார்கள். காபோனில் 2017 ஆப்பிரிக்கக் கோப்பை, சொந்த மண், முன்கள நட்சத்திரம் அவுபமயாங் வேறு இருக்கிறார். மூன்று ஆட்டமும் டிரா, முதல் சுற்றிலேயே வீடு. இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவோம்.

அப்படியென்றால் ஸ்பெயினுக்கு இவரால் கிடைத்தது என்ன? (திருநெல்வேலி வாசகி)

1998-ல் சைப்ரஸிடம் தோற்ற அணியைக் கையில் வாங்கினார். கோல்கீப்பர் காசியாஸுக்கு 2000 ஜூனில் முதல் சர்வதேச ஆட்டம் கொடுத்தவர் இவர், அப்போது பையனுக்கு 19 வயது. அதே வருடம் நவம்பரில், நெதர்லாந்துக்கு எதிரான ஒரே ஆட்டத்தில், நடுக்கள வீரர் சாவிக்கும் டிஃபெண்டர் புயோலுக்கும் முதல் வாய்ப்பு. 2002-க்கு முதல் கோல்கீப்பராகப் போக வேண்டிய கன்யிசாரெஸ் வாசனைத் திரவியப் பாட்டிலைத் தவறவிட்டுக் காலைக் கிழித்துக்கொண்டார், காசியாஸ் உள்ளே வந்து அயர்லாந்துக்கு எதிராக மூன்று பெனால்டியைத் தடுத்தார்.

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்த மூவரும் மைதானத்தில் இருந்தார்கள், கமாச்சோ டிவி வர்ணனை மைக் முன்னால். நமக்கு நள்ளிரவு கடந்து இரண்டு மணியும் தாண்டிவிட்டது. 116-ஆவது நிமிடம், இனியெஸ்தா ஸ்பெயினுக்குக் கோல் அடித்ததும் அந்த மனிதர் கத்தினார் பாருங்கள், "என் உயிரே இனியெஸ்தா!" என்று. ஸ்பெயினில் இன்றும் சின்னப் பையன்கள்கூட அதே குரலில் கத்திக் காட்டுகிறார்கள். அன்று அவர் சட்டை நனைந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.