‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருக்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் மெயில்களில் ‘ரன்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு பொருளில். அகராதியில் பார்த்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. எப்படிப் படிப்பது?

பதில்: இது மனப்பாடம் செய்து தீருகிற சொல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுத, அதன் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கே சுமார் ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம்.

அதில் கொஞ்சம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது என்று நாம் சொல்கிற இடங்களில் ஆங்கிலமும் ரன்தான். மற்ற இடங்களில்தான் தடுக்கும். கம்பெனியை அவர்கள் ‘ரன்’ செய்வார்கள், நாம் நடத்துகிறோம். அவர்களுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும்.

மெயிலில் ரன் வந்தால் முதலில் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’ என்றால் நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம் அனுப்பு என்று அர்த்தம். கிரிக்கெட் ரன் அவுட் வேறு. ‘ரன் இட் பை அஸ்’ என்றால் முடிவெடுக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘ரன் இன்டு’வுக்கு அப்புறம் ஆள் வந்தால் தற்செயலாகப் பார்த்தது, பிரச்சினை வந்தால் அதில் மாட்டிக்கொண்டது.

அடுத்து, எது ‘ரன்’ ஆகிறது என்று பாருங்கள். உங்கள் தொழிலில் காசு போகிற இடம் இதுதான். ‘கலர்ஸ் மஸ்ட் நாட் ரன்’ என்று எழுதினால், துவைக்கும்போது சிவப்புச் சாயம் வெள்ளைக் காலரில் இறங்கக் கூடாது என்று பொருள். வெயிலில் நிறம் வெளுப்பதை அவர்கள் ‘ஃபேட்’ என்பார்கள். நாம் இரண்டையுமே ‘சாயம் போச்சு’ என்று சொல்லிவிடுவதால், அவர் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்க, நீங்கள் வேறொன்றை அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. லேபுக்குக் கொடுக்கும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

பெயர்ச்சொல்லாக வருவது சுலபம். ‘புரொடக்‌ஷன் ரன்’ என்பது ஒரே தொடர்ச்சியாக ஓட்டி எடுக்கும் லாட். ‘சைஸ் ரன்’ என்றால் ஒரு ஸ்டைலின் எல்லா அளவுகளும், ஸ்மால் முதல் டபுள் எக்ஸெல் வரை. ‘ரன்னிங் மீட்டர்’ என்றால் துணியின் அகலத்தைப் பார்க்காமல் நீளத்தை மட்டும் அளப்பது. நிட் (பின்னல்) துணியைக் கிலோவில் வாங்கிப் பழகிய ஊருக்கு இது கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கும்.

நோட்டில் எழுதும்போது சொல்லையும் அர்த்தத்தையும் எழுதாதீர்கள், மெயிலில் வந்த வாக்கியத்தையே முழுசாக எழுதுங்கள். அப்படியும் புரியவில்லையா? நீங்கள் புரிந்துகொண்டதை ரன் இல்லாத எளிய வாக்கியமாக்கி, ‘இதைத்தானே சொல்கிறீர்கள்?’ என்று பதில் போடுங்கள். எந்த பையரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.