கடலடி ரோபோக்கள்: படிப்பு, வேலை, ஆராய்ச்சி பற்றிக் கேள்வி பதில்

ஆளில்லாமல் தானாக இயங்கும் நீர்மூழ்கி வாகனங்கள், அதாவது ஏயூவிக்கள், தண்ணீருக்கடியில் வழி கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் என் ஆராய்ச்சி. அதைப் பற்றி விரிவாகச் சொல்வேன். கடற்படை சார்ந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன்.

மதுரை, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு: அக்கா, இந்தத் துறைக்கு வர ஓஷன் இன்ஜினியரிங்தான் படிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஒரு வாகனக் குழுவில் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், கப்பல் கட்டுமானம், இயற்பியல் என்று எல்லோரும் இருப்பார்கள். மேற்படிப்புக்குச் சென்னை ஐஐடியின் ஓஷன் இன்ஜினியரிங் துறை, கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கப்பல் தொழில்நுட்பத் துறை இரண்டையும் பாருங்கள். நீரடி ஒலியில் ஆர்வம் இருந்தால் டெல்லி ஐஐடி.

ஆனால் எந்தத் துறையாக இருந்தாலும், படிக்கும்போதே ஒரு பெட்டியையாவது நீர் புகாமல் செய்து தண்ணீருக்குள் இறக்கிப் பழகுங்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6000 மீட்டரில் கிட்டத்தட்ட 600 மடங்கு. மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மேல் ஒரு தலைமுடி கிடந்தாலும் நீர் உள்ளே வந்துவிடும். மூடுவதற்கு முன் ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூடிய பிறகு உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தம் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். இந்த வேக்குவம் டெஸ்ட் செய்யாமல் எதையும் நீரில் இறக்காதீர்கள்.

தூத்துக்குடி: தண்ணீருக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்கிறார்கள். பிறகு அது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஜிபிஎஸ் அனுப்பும் ரேடியோ அலை கடல்நீரில் மேற்பரப்பிலேயே செத்துவிடும். உள்ளே தூரம் போவது ஒலி மட்டும்தான், நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். அதனால் வாகனம் தன் நகர்வைத் தானே கணக்கிட வேண்டும். உள்ளே ஒரு இனர்ஷியல் கருவி திசையையும் முடுக்கத்தையும் அளக்கும். வயிற்றுப் பக்கம் இருக்கும் டிவிஎல் கருவி நான்கு ஒலிக்கற்றைகளைக் கடல்தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் ஒலியின் டாப்ளர் மாற்றத்திலிருந்து, அதாவது சுருதி மாறுவதிலிருந்து, வேகத்தைச் சொல்லும். ஒவ்வொரு நொடியின் வேகத்தையும் கணக்கில் கூட்டிக்கொண்டே போனால் தூரம் கிடைக்கும். சின்னப் பிழைகளும் அதோடு கூடிக்கொண்டே போகும். நல்ல கருவிகள் இருந்தால் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சில மீட்டர் விலகல் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், பரவலாகப் பயன்படும் டிவிஎல்லுக்குத் தரை சுமார் 200 மீட்டருக்குள் இருந்தால்தான் தெரியும். 4000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் வாகனத்துக்கு மேலேயும் எதுவும் தெரியாது, கீழேயும் எதுவும் தெரியாது. நீரோட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தப் பிழையைத் திருத்தக் கப்பலிலிருந்தோ கடல்தரையில் வைத்த, ஒலி எழுப்பும் கருவிகளிலிருந்தோ தூரம் அளக்கிறோம். அந்த ஒலியும் நேராக வராது. வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாற மாற வேகம் மாறி, பாதை வளையும். அதனால் முதலில் அந்த இடத்து நீரை மேலிருந்து கீழ்வரை அளந்துகொள்வோம். இன்னொன்று, 6 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வர 8 நொடி ஆகும். மேலிருந்து யாரும் ஓட்ட முடியாது. முடிவெடுக்கும் அறிவு வாகனத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

சேலம்: மத்ஸ்யா 6000 ரோபோ குழுவில் சேருவது எப்படி?

மத்ஸ்யா 6000 ரோபோ அல்ல. மூன்று பேர் உட்கார்ந்து போகும் ஊர்தி, 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் கோளம். அதைக் கட்டும் பள்ளிக்கரணை என்ஐஓடியிலேயே, அதாவது தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்திலேயே, ரோபோக்களும் உண்டு. அவர்களுடைய ரோசப் 6000 என்ற ஆர்ஓவி, அதாவது கப்பலிலிருந்து கேபிள் வழியாக ஓட்டும் ரோபோ, 2010-ல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5289 மீட்டர் வரை இறங்கியது. ஆள்சேர்ப்பு அறிவிப்பு அவர்கள் இணையதளத்தில் வரும்.

ஈரோடு: சிவில் படித்தவர்கள் வரலாமா?

வரலாம். முதல் பதிலைப் பாருங்கள்.

நாகர்கோவில், ஒரு தாய்: மகள் இதில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். கப்பலில் வாரக்கணக்கில் இருக்க வேண்டுமாமே. அனுப்பலாமா மேடம்?

அனுப்புங்கள் அம்மா. ஆராய்ச்சிக் கப்பலில் பெண்கள் போவது இன்று சாதாரணம். நானும் போகிறேன். முதல் இரண்டு மூன்று நாள் வாந்தி வரும், பெரும்பாலானவர்களுக்கு அப்புறம் பழகிவிடும். மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். எந்த நேரத்திலும் வேலை வரும், தூக்கம் கெடும். அதைப் பற்றி மகளிடம் முன்பே பேசிவிடுங்கள்.

சென்னை, மென்பொருள் துறை: இப்போது ஸ்டோன்ஃபிஷ், ஹோலோஓஷன் போன்று கடலைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிக் காட்டும் சிமுலேட்டர்கள் வந்துவிட்டன. அதில் இயந்திரக் கற்றல் முறையில் வாகனத்தைப் பழக்கிவிடலாம். நீங்கள் சொல்லும் ஓ-ரிங் வேலையெல்லாம் இனி எதற்கு?

ஒலியால் எடுக்கும் சோனார் படத்தில் பொருளை அடையாளம் காண்பதில் இயந்திரக் கற்றல் பழைய முறைகளை வென்றுவிட்டது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் படங்களை யாரோ கடலுக்குப் போய் எடுத்து வந்தார்கள்.

அதே நபர்: தானியங்கிக் கார்கள் சிமுலேட்டரில்தானே பழகுகின்றன?

கார்களுக்கு வரைபடம் இருக்கிறது, ஓடிய சாலைகளின் பதிவு மலைபோல் இருக்கிறது. உலகக் கடல்தரையில் நவீன முறையில் அளக்கப்பட்டது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான்.

பெங்களூரு: நண்பர் சொல்வதுதான் சரி. 2005-ல் ஆட்டோசப்2 என்ற ஏயூவி அண்டார்டிகாவில் பனிக்கடியில் போய்த் திரும்பவில்லை. 2014-ல் நெரியஸ் என்ற ஆழ்கடல் ரோபோ நியூசிலாந்து பக்கம் கெர்மடெக் அகழியில் நொறுங்கியது. கடலில் இழப்பதைவிட சிமுலேட்டரில் இழப்பது மேல் இல்லையா?

நல்ல வாதம். அதனால் நின்று பதில் சொல்கிறேன். ஒத்திகைக்கு சிமுலேட்டர் வேண்டும், நாங்களும் ஒவ்வொரு ஓட்டத்தையும் அதில் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். ஆனால் யாரோ ஒருவர் யோசித்து எழுதிய கோளாறு மட்டும்தான் சிமுலேட்டருக்குள் இருக்கும். நெரியஸ் போனது சுமார் 9900 மீட்டரில், மேலே மிதந்து வந்தவை உடைந்த துண்டுகள். சிலிக்கு அருகே 2010-ல் தொலைந்த ஏபிஇ என்ற ஏயூவி அதற்கு முன் 200-க்கும் மேற்பட்ட முறை இறங்கி ஏறியிருந்தது. இரண்டிலும் சந்தேகம் வாகனத்தின் பாகங்கள்மீதுதான், மென்பொருள்மீது அல்ல.

எளிய உதாரணம் ஒன்று. நீச்சல்குளத்தில் மிதப்பைச் சரிசெய்த வாகனம், 100 லிட்டர் நீரை விலக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் அடர்த்தி கூடுதல் என்பதால் அதே வாகனம் கடலில் இரண்டரை கிலோ அதிகம் மிதக்கும். மூழ்க முடியாமல் மேலேயே உருளும். வங்கக் கடலின் வடக்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் கலப்பதால் மேற்பரப்பில் உப்பு குறைவு, அங்கே கணக்கே வேறு. சென்னையில் சரியாக இருந்த எடை அங்கே சரிவராது. அப்புறம் வாகனத்தைத் தள்ளும் விசிறியான உந்தியில் சுற்றிக்கொள்ளும் தூண்டில் நரம்பு, கனெக்டர் ஊசியில் பூக்கும் உப்பு. நேரில் பார்த்தவர்கள்தான் இவற்றை சிமுலேட்டருக்குள் எழுத முடியும். நல்ல சிமுலேட்டர் செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் ஒரு முறை கப்பலேற வேண்டும் என்பதே என் கட்சி. இருவரும் வாருங்கள், கடல் சோதனைக்கு மென்பொருள் ஆட்கள் எப்போதும் போதாமல்தான் இருக்கிறார்கள்.

திருச்சி, பயோடெக்: நான் எந்தப் படிப்பிலிருந்து வர வேண்டும்?

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. முதல் பதில்.

கோவை, மாணவர் குழு: கல்லூரியில் ஏயூவி செய்யப் போகிறோம். எங்கே தொடங்குவது?

அக்ரிலிக் குழாய், கடையில் கிடைக்கும் உந்திகள், ஒரு சின்ன கம்ப்யூட்டர், ரோபோக்களை இயக்க உதவும் ராஸ் மென்பொருள் போதும். மின்சாரம் போனாலும் தானே மேலே வரும்படி கொஞ்சம் மிதப்பு கூடுதலாக வையுங்கள். லித்தியம் பேட்டரியை மூடிய குழாய்க்குள் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள், வாயு சேர்ந்தால் வெடிக்கும். என்ஐஓடி நடத்தும் மாணவர் போட்டி, 1998 முதல் நடக்கும் அமெரிக்க ரோபோசப் போட்டி இரண்டையும் இலக்காக வைக்கலாம். ஐஐடி பம்பாய் குழு ரோபோசப்புக்குப் போய்வந்திருக்கிறது. முதல் முழுக்கில் கயிறு கட்டுங்கள். வேக்குவம் டெஸ்ட், மறக்காதீர்கள்.

புதுச்சேரி: வெளிநாட்டில் பிஎச்டி எங்கே நல்லது?

நார்வேயில் ட்ரோண்ட்ஹெய்ம், ஸ்பெயினில் ஜிரோனா, போர்ச்சுகலில் போர்ட்டோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன், அமெரிக்காவில் எம்ஐடியும் வுட்ஸ் ஹோலும் சேர்ந்து நடத்தும் திட்டம். நார்வேயில் பிஎச்டி மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். பேராசிரியருக்கு எழுதும்போது, போன வருடம் உங்கள் மாணவர்கள் எத்தனை நாள் கடலில் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் நழுவினால் வேறு இடம் பாருங்கள்.

கடலூர்: பேட்டரி எத்தனை நாள் வரும்?

உந்தி உள்ளவை மணிக்கணக்கு, சில நாட்கள். மிதப்பை மட்டும் மாற்றி மிதந்தேறிச் சறுக்கும் கிளைடர் மாதக்கணக்கு. 2009-ல் ஒரு கிளைடர் நியூஜெர்சியிலிருந்து ஸ்பெயின்வரை 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது.

விழுப்புரம்: எந்த டிகிரி...

முதல் பதில்.

ராமேஸ்வரம்: அப்பா மீனவர். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. எனக்கு இடம் இருக்கா அக்கா?

இருக்கு தம்பி. அலையடிக்கும்போது பல நூறு கிலோ எடையுள்ள வாகனத்தைக் கப்பல் விளிம்பில் மோதாமல் தூக்குவது எங்கள் வேலையிலேயே ஆபத்தான கட்டம். கயிறு, கொக்கி, அலையின் நேரம் தெரிந்த ஆள் அங்கே வேண்டும். எண்ணெய் வயல்களில் ஆர்ஓவி பைலட் டெக்னீஷியன் என்ற வேலைக்கு எலக்ட்ரிக்கல் டிப்ளமோவோடு போகிறவர்கள் உண்டு. ஹைட்ராலிக்ஸ், ஃபைபர் இணைப்பு இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சி என்ற பெயரில் லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் பணம் கட்டும் முன், அங்கே முடித்த இருவரிடமாவது நேரில் பேசுங்கள்.